கொறங்காடு இல்லாத காளை

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் எங்களுக்கு ஜவுளிக்கடை. தாத்தா ஆரம்பித்தது, அப்பாவுக்குப் பிறகு நான்தான். ஆனால் மனசெல்லாம் காங்கேயம் பக்கம் தோட்டத்தில், மாடுகளிடம். “கல்லாவில் உட்காராமல் சாணி அள்ளுகிறான்” என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா? என் காளையின் படங்களை அனுப்பியிருக்கிறேன். என்ன விலை கேட்டாலும் அதைத் தரமாட்டேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடையை விடாதீர்கள். காங்கேயம் பசு கறக்கிற இரண்டு மூன்று லிட்டரில் குடும்பம் நடக்காது. உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த மாடு அது. சொந்தக்காரர்கள் எப்படியும் பேசுவார்கள், விடுங்கள்.

காளை நல்ல லட்சணம். திமிலும் கழுத்தும் கறுத்து, பார்க்கக் கண் நிறைகிறது. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை படத்தில் ஒன்றில்கூடப் புல் இல்லை! சிமெண்ட் தரை, தகரக் கொட்டகை, தொட்டியில் தீவனம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இப்படி நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். வாசலில் கார் நிறுத்துவதுபோல ஒரு காளையை நிறுத்திவிட்டு, இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்பார்கள்.

இந்த மாட்டை உருவாக்கியது கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். மழை குறைந்த மேடு, கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேலமரம், சுற்றிலும் கிளுவை வேலி. காட்டைப் பிரித்து, ஒன்று மேய்ந்து முடிந்ததும் அடுத்ததில் விடுவார்கள். வேலங்காய் உதிர்ந்தால் அதையும் பொறுக்கித் தின்னும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்றால், காளையைத் தேர்ந்தெடுக்கும் கண் மட்டும் போதவில்லை, மேய்க்கக் காடும் இருந்தது. இப்போது அந்தக் காடுகளை சைட் போட்டு விற்கிறார்கள். காளைக்கு லட்சம் கொடுக்கிறவருக்குப் புல்லுக்கு ஒரு ஏக்கர் விட்டுவைக்க மனசு வருவதில்லை.

அப்புறம், உங்கள் காளை யார் வீட்டுப் பசுவுக்குச் சேர்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மளிகைக்கடை. பசுக்களோடு சேர்க்கப் பொலிகாளையும் வைத்திருந்தார். கடன் நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் வேறு கணக்கு ஓடும்: எந்தத் தோட்டத்து மயிலைப் பசு, எந்த மாதம் வந்தது, ஈன்றது கிடாரியா காளைக்கன்றா. கன்று செவலையாகத்தான் விழும். ஆறு மாதத்தில் நிறம் மாறும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையும் எழுதுவார். சேர்க்கைக்குக் காசு வாங்கமாட்டார். சீரகமும் மல்லியும் விற்ற காசில்தான் காளை தின்றது. உங்கள் ஜவுளிக்கடைக்கும் அந்த வேலை இருக்கிறது.

மூன்று நான்கு வருடத்தில் காளையின் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். நோட்டைப் பார்த்து, வேறு ஊர்க்காரரிடம் காளையை மாற்றிக்கொள்வார். அன்றைக்கு என் பாட்டி அம்மாயியோடுகூடப் பேசமாட்டார். ஆனாலும் மாற்றினார். நீங்கள் என்ன விலைக்கும் தரமாட்டேன் என்கிறீர்கள். பாசம், சரி. அதன் மகளுக்கே அதைச் சேர்க்கப் போகிறீர்களா?

தோட்டத்தில் எவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறது என்று எழுதுங்கள். கொழுக்கட்டைப்புல் விதை கொடுக்க எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார். மழைக்கு முன்னால் எழுதினால் நல்லது.