ஜெர்மனிக்கு வருகிறேன், கிரிக்கெட்டைத் தொடர முடியுமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடிய ஒரு தம்பி. பேட்ஸ்மேன், ஆஃப் ஸ்பின்னும் போடுவார். அக்டோபரில் ஆகன் நகருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறார். அங்கே கிரிக்கெட் உண்டா, ஜெர்மனி அணிக்கு ஆட வழி இருக்கிறதா, இத்தனை இந்தியர்கள் இருந்தும் அந்த அணி ஏன் உலகக் கோப்பைக்கு வரவில்லை என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்ற இரண்டுக்கும் பதில் பாதி வந்துவிடும்.

இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, தரைக்குத்தான் பஞ்சம். ஜெர்மன் கிரிக்கெட் வாரியம் 1988-இல் தொடங்கியது. 1991-இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியில் சேர்ந்து, 1999-இல் அசோசியேட் (டெஸ்ட் ஆடாத) உறுப்பு நாடானது. 2015-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஆப்கான் இளைஞர்களால் ஆடுபவர்கள் எண்ணிக்கை சில ஆண்டுகளில் மடமடவென்று ஏறியது. ஒரு பேட்கூடப் பார்த்திராத சின்ன ஊர்களில் அணிகள் முளைத்தன. ஐடி வேலைக்கும் படிப்புக்கும் வந்த இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் மைதானங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை.

கணக்கைப் பாருங்கள். நகராட்சி உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஃபுட்பால் மைதானம். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பிட்சை நீளவாக்கில் நடுவில் போட்டால் ஸ்கொயர் பவுண்டரி, அதாவது பக்கவாட்டு எல்லை, 34 மீட்டர். சர்வதேச ஆட்டத்துக்குப் பிட்சின் நடுப்புள்ளியிலிருந்து குறைந்தது 59 மீட்டர் சில்லறை, அதாவது 65 கஜம் வேண்டும். இரண்டு மைதானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் ஸ்கொயர் பக்கம் 68 ஆகிவிடும், ஆனால் நேர் பவுண்டரி 52 மீட்டர் சொச்சத்திலேயே நிற்கும். கோல் போஸ்டுக்குப் பின்னால் காலி நிலம் இருந்தால்தான் தேறும். அந்த இரண்டு மைதானமும் ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் காலியாக இருக்க வேண்டும். ஃபுட்பால் கிளப் சும்மா விடுமா? அதனால்தான் சர்வதேச ஆட்டம் என்றால் கிரெஃபெல்ட் நகரிலுள்ள மைதானத்தின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது.

இனி பிட்ச். செயற்கைப் புல் மேட்தான் இங்கே பெரும்பாலும். கான்கிரீட் அல்லது இறுக்கிய ஜல்லித் தளத்தின் மேல் விரிப்பது. அடியில் தண்ணீர் வடிய ஜல்லிப் படுகை சரியாக இல்லையென்றால் குளிர்காலத்தில் உள்ளே தேங்கிய நீர் உறைந்து தளத்தைத் தூக்கிவிடும். வசந்தத்தில் மேட்டை விரித்தால் குட் லெங்தில், பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தில், ஒரு புடைப்பு இருக்கும். அதில் பட்ட பந்து முகத்துக்கு வரும். விளிம்பில் ஆணி தளர்ந்தால் மேட் சுருங்கி மடிப்பு விழும், பவுலரின் முன்கால் அதில் சிக்கும். ஆட்டத்துக்கு முன் மேட்டை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவது கேப்டனின் வேலை அல்ல, முதலில் வந்து சேர்பவரின் வேலை. புதுசாக வருபவர் நல்ல பெயர் வாங்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மேட்டில் பந்து ஒரே சீராக எழும்பும், சீம் ஆகாது, அதாவது தையலில் பட்டு விலகாது. பின்காலில் நின்று கட், புல் அடித்தே ரன் சேர்க்கலாம், அதிலும் ஸ்கொயர் பவுண்டரி 34 மீட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். நான்கு வருடம் இப்படி ஆடியவரை டர்ஃப் விக்கெட்டில், அதாவது இயற்கையான மண்-புல் பிட்சில் இறக்கினால், அதே லெங்த் பந்து முழங்காலுக்குக் கீழே வந்து எல்பிடபிள்யூ. பவுலருக்கும் இதே கதிதான். மேட்டில் ஸ்பைக்ஸ் போட விடமாட்டார்கள், கிழிந்துவிடும். ரப்பர் அடி ஷூவில் பழகிய கால், ஈரமான டர்ஃபில் ஸ்பைக்ஸோடு ஊன்றும்போது வேறு மாதிரி விழும், நோபால் கூடும். ஆங்கிலக் கால்வாய்த் தீவான கெர்ன்சி, ஸ்பெயினின் அல்மேரியா, ஓமன், எடின்பரோ என்று ஜெர்மனி போய் ஆடிய முக்கியமான தகுதிப் போட்டிகளெல்லாம் டர்ஃபில்தான் நடந்தன. உள்ளூரில் மேட், பரீட்சை டர்ஃபில். அணியின் வரலாற்றை இந்த ஒரு வரியிலேயே சொல்லிவிடலாம்.

அப்படியும் மோசமில்லை. 2019 ஜனவரி 1 முதல் உறுப்பு நாடுகள் எல்லாவற்றின் ஆண்கள் அணிகளுக்கும் டி20 சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. அந்த மே மாதம் பெல்ஜியத்தில் ஆடிய முதல் தொடரை ஜெர்மனி 3-0 என வென்றது. கேப்டன் வெங்கட்ராமன் கணேசன், சென்னையில் பிறந்தவர். அடுத்த மாதமே கெர்ன்சி தகுதிச் சுற்றில் பக்கத்துத் தீவான ஜெர்சியின் அணியோடு புள்ளியில் சமமாக முடித்து, நெட் ரன் ரேட்டில் (ஓவருக்கு எடுத்த, கொடுத்த சராசரி ரன்னின் வித்தியாசத்தில்) வாய்ப்பை விட்டது. சின்ன அணியை அடிக்கும்போது 18 ஓவரில் முடிப்பதற்கும் 12 ஓவரில் முடிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று தெரிந்தது. 2021-இல் ஜெர்சியோடு சேர்ந்து தகுதி பெற்று, 2022 பிப்ரவரியில் ஓமனில் எட்டு அணிகள் ஆடிய உலகத் தகுதிச் சுற்று வரை போனார்கள். அங்கிருந்து உலகக் கோப்பைக்கு ஏறியவை அயர்லாந்தும் ஐக்கிய அரபு அமீரகமும். 2024-இல் சொந்த மண்ணில், கிரெஃபெல்ட்டில் நடந்த துணைத் தகுதிச் சுற்றை ஜெர்சி கொண்டுபோய்விட்டது. அதற்கடுத்த வருடம் தி ஹேக் நகரில் நெதர்லாந்தும் இத்தாலியும் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன.

இத்தாலி எப்படிப் போனது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஜோ பர்ன்ஸ் போல, இத்தாலிய வம்சாவளிக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஜெர்மனியும் அதை முயன்றதுதான். இங்கிலாந்து கவுண்டிகளில் ஆடிய டீட்டர் கிளைன், கிரெய்க் மெஷீட், மைக்கேல் ரிச்சர்ட்சன் மூவரும் 2019-இல் ஜெர்மனிக்கு ஆடினார்கள். என் கருத்தில் இந்த வழி ஒரு போட்டியை ஜெயிக்க உதவும், அடுத்த அணியை உருவாக்காது. நெதர்லாந்தும் வெளியில் வளர்ந்தவர்களைச் சேர்க்கிறது, ஆனால் ஆம்ஸ்டெல்வீன், ரோட்டர்டாம், தி ஹேக் பக்கம் டர்ஃப் மைதானங்கள் வைத்திருக்கிறது. 2022-இல் அடிலெய்டிலும் 2023-இல் தர்மசாலாவிலும் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்ததற்கு அந்தத் தரைக்கும் பங்குண்டு.

சரி, உங்கள் விஷயம்.

பிறப்பு, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் ஐசிசி விதிப்படி அந்நாட்டுக்கு ஆடலாம். உங்களுக்குப் பொருந்துவது மூன்றாவது: தொடர்ந்து மூன்று ஆண்டு ஜெர்மனியே உங்கள் நிலையான இருப்பிடமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் மாற்றத் தேவையில்லை. மாஸ்டர்ஸ் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், அதனால் மூன்றாம் வருடம் இங்கேயே வேலை கிடைப்பதைப் பொறுத்தது. இடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு நாட்டில் ஆறு மாதம் தங்கினால் கணக்கு சிக்கலாகும். வந்து இறங்கியதும் செய்யும் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவுச் சான்று, ஒவ்வொரு வீடு மாற்றத்துக்கும் வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். வீசாவுக்கும் அதுதான், கிரிக்கெட்டுக்கும் அதுதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று: தகுதிப் போட்டிகள் கெர்ன்சி, ஜெர்சி, ஸ்காட்லாந்தில் நடந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு ஷெங்கன் நாடுகளில் செல்லும் ஜெர்மன் வசிப்பிட அட்டை உதவாது, பிரிட்டிஷ் வீசா தனியாக வேண்டும். அகதி ஆவணத்தில் பயணிக்கும் ஆப்கான் வீரர்களுக்கு இன்னும் கஷ்டம். லீவும் போகும். சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆண்டில் குறைந்தது 20 நாள் விடுப்பு, பல கம்பெனிகளில் 30 வரை. ஒரு போட்டி, ஒரு பயிற்சி முகாம் என்றால் பாதி காலி. அணியில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டு ஆடுபவர்கள்தான்.

கிளப் விஷயத்தில் ஆகன் நல்ல இடம். ஊரிலேயே கிளப் உண்டு, கொலோன், பான், டுசல்டார்ஃப், கிரெஃபெல்ட் எல்லாம் ரயிலில் போய் வரக்கூடிய தூரம். மாணவர் செமஸ்டர் டிக்கெட்டில் வட்டார ரயில்கள் அடங்கும். விரைவு ரயிலில் அது செல்லாது, கிட் பையோடு ஏறி மாட்டிக்கொள்ளாதீர்கள். சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் வந்தால் எல்லாம் முடிந்திருக்கும், பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் உள்ளரங்கில் நெட் பயிற்சி போடுவார்கள். அங்கே வெளியில் போட்ட ஷூ கூடாது, தரையில் கறை படியாத வெளிர் அடி உள்ள தனி ஷூ வேண்டும். பெரும்பாலான ஹால்களில் கடினமான தோல் பந்துக்கும் அனுமதியில்லை. முதலில் உங்களைப் பார்ப்பது அங்கேதான், ஆகவே நவம்பரிலேயே தலைகாட்டுங்கள், ஏப்ரலில் மெயில் அனுப்புபவருக்கு இரண்டாம் அணியில்தான் இடம் மிஞ்சும்.

கிளப் இங்கே ஃபெரைன், பதிவு பெற்ற சங்கம். சந்தா உண்டு, மாணவர் சலுகை கேளுங்கள். மாநில விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்த கிளப் என்றால் விபத்துக் காப்பீடு அதிலேயே வரும். ஆனால் நீங்கள் அடித்த சிக்ஸர் யாருடைய கார் கண்ணாடியிலாவது விழுந்தால் காப்பாற்றுவது தனிநபர் பொறுப்புக் காப்பீடு, ஜெர்மன்காரர்கள் ஹாஃப்ட்ஃப்ளிக்ட் என்பது. கிரிக்கெட் ஆடாவிட்டாலும் எடுக்க வேண்டியது. சில கிளப்புகள் நல்ல ஆட்டக்காரருக்குப் பணம் தருவதாகச் சொல்லக்கூடும். மாணவர் வீசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம், ஆட்டக் கூலியும் வேலைதான். கையில் வாங்கும் நோட்டுக்காக வீசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆஃப் ஸ்பின் பற்றி: செயற்கை மேட் நம்மூர்க் கயிற்று மேட் போலத் திரும்பாது, எழும்பும். ஸ்கொயர் பவுண்டரி கிட்டே இருப்பதால் ஷார்ட்டாகப் போட்டால் மிட்விக்கெட் மேல் போகும். ஃபுல் லெங்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டு நேராக அடிக்க வைப்பதே பிழைக்கும் வழி. பேட்டிங்கில் ரன் வந்துகொண்டே இருந்தாலும் முன்கால் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். தேர்வாளர்கள் டர்ஃபில் யார் நிற்பார் என்றுதான் பார்ப்பார்கள், மேட்டில் அடித்த சதங்களை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று.

தேசிய அணிப் பக்கம் உங்கள் பெயர் போக இன்னொரு பாதையும் உண்டு. ஐசிசி அசோசியேட் நாடுகளுக்குப் பணம் பிரிக்கும்போது வெற்றியை மட்டும் பார்ப்பதில்லை, ஜூனியர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்றும் பார்க்கிறது. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதைச் செய்தால் வாரியத்துக்கு உங்கள் பெயர் தெரியும். பெண்கள் அணி கொஞ்ச காலத்திலேயே நன்றாக வளர்ந்தது. பெங்களூருவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அனுராதா தொட்டபள்ளாபூர், 2020-இல் ஆஸ்திரியாவுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்தார், பெண்கள் டி20 சர்வதேசத்தில் அதுதான் முதல்முறை. உங்களோடு வரும் தோழிகள் ஆடுவார்கள் என்றால் தேசிய அணிக்குப் போகும் தூரம் அவர்களுக்கு உங்களைவிடக் குறைவு. பிள்ளைகளுக்குப் பயிற்சி தர விரும்பினால் விரிவான போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். கிளப்பிடம் கடிதம் வாங்கி நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளோடு பேச ஜெர்மன் கட்டாயம், பி1 என்ற நடுத்தர நிலையாவது இருந்தால் சமாளிக்கலாம்.

கிளம்பும் முன்: பதிவு பெற்ற வீரர் என்றால் உங்கள் சங்கத்திடம் தடையில்லாச் சான்று பற்றிக் கேட்டுவிடுங்கள். பேட், கால் காப்பு (பேட்ஸ்), ஹெல்மெட்டைப் பழக்கிய நிலையில் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். பிரிட்டனிலிருந்து வரவழைத்தால் 2021 முதல் 19 சதவீத இறக்குமதி வரி சேரும், சுங்கம் தனி. பேட் கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் பேட் காய்ந்து விரிசல் விடும். ரேடியேட்டரிலிருந்து தள்ளி வைத்து, நவம்பரில் ஒருமுறை லின்சீட் எண்ணெய் லேசாகத் தடவிவிடுங்கள்.