கப்பியும் ஹேர் டிரையரும் (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன். இந்த செமஸ்டர் 'அன்றாட வாழ்க்கையில் இயற்பியல்'னு ஒரு என்.எம்.இ பேப்பர் (மத்த துறை பிள்ளைங்க எடுக்குற விருப்பப் பாடம்) என் தலையில விழுந்திருக்கு. கிளாஸ்ல பாதி பி.காம், பாதி தமிழ் இலக்கியம், எல்லாரும் பத்தாம் கிளாஸோட பிசிக்ஸுக்கு கும்பிடு போட்டவங்க. சிலபஸ்ல ஸ்ப்ரிங் தராசு, ரோலர் கோஸ்டர், ராக்கெட், ஹேர் டிரையர்னு வருது. ரோலர் கோஸ்டர்ல ஏறினவங்க கை தூக்குங்கன்னேன், ரெண்டே கை. போர்டுல ஃபார்முலா எழுதினா மொத்த கிளாஸும் ஜன்னல பாக்குது, எழுதாம கதையா சொன்னா இது பிசிக்ஸ்தானான்னு எனக்கே மனசு கேக்கல. சீனியர் ஒருத்தர் நோட்ஸ் குடுத்து பாஸாக்கி விடுங்கங்காரு. நீங்க என்ன சொல்லுதீங்க?

(பேர் போட வேண்டாம் சார்)

அன்புள்ள டீச்சருக்கு,

லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பைய எழுதலாம்னு வச்சு இவ்வளவு லேட்டாயிட்டு, மன்னிக்கணும்.

நோட்ஸ் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். நானே நோட்ஸ் எழுதி பாஸானவனாக்கும். எம்.எஸ்.சி முடிச்சு ஊருக்கு வந்த புதுசுல வீட்டுக் கிணத்துக்கு கப்பி மாட்டினோம், அம்மை தண்ணி கோரிட்டே "இப்பம் எவ்வளவு எளுப்பமா இருக்கு மக்களே"ன்னா. நான் பெரிய இவன் மாதிரி, ஒத்தக் கப்பியில பலம் ஒண்ணும் மிச்சமாகாது, 10 கிலோ தண்ணின்னா அந்த 10 கிலோவுக்கான பலத்த போட்டே ஆகணும், உராய்வு இருக்கதுனால கொஞ்சம் கூடத்தான் வேணும், கப்பி திசைய மட்டும்தான் மாத்தும்னு விளக்கினேன். அம்மை வாளிய இறக்கி வச்சுட்டு "அப்பம் எனக்க முதுகு வலி எங்கலே போச்சு?"ன்னு கேட்டா. பதில் இல்ல. ரெண்டு நாளு யோசிச்ச பெறகுதான் ஓடிச்சு, கப்பி இல்லன்னா குனிஞ்சு நின்னு மேல தூக்கணும், எல்லா பாரமும் முதுகுக்கும் தோளுக்கும், போதாததுக்கு கயிறு கிணத்து விளிம்புல உரசி அங்கயும் பலம் போகும், கப்பி இருந்தா நிமிந்து நின்னு கீழ இழுக்கலாம், நம்ம உடம்பு எடையே பாதி வேலைய பாத்துரும். அம்மை சொன்னதும் சரி நான் சொன்னதும் சரி, ஆனா நான் படிச்ச பிசிக்ஸுக்குள்ள அம்மைக்க முதுகு வரவே இல்ல.

அதனால மொத கிளாஸ கப்பியில தொடங்குங்க. சிலபஸ்ல ஸ்ப்ரிங் தராசு இருக்குல்லா, கொக்கி வச்சது ஒண்ணு வாங்கி கயித்துல நாம இழுக்குற நுனியில மாட்டி 5 கிலோ தண்ணிய தூக்கும்போது எவ்வளவு காட்டும்னு பாக்கதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் எழுதச் சொல்லுங்க. பாதி பேரு ரெண்டரைன்னு எழுதுவாங்க பாருங்க. தப்பா எழுதினதுக்கு மார்க்க மட்டும் குறைச்சிராதீங்க, குறைச்சா அடுத்த தடவ பக்கத்துல உள்ளவன பாத்து எழுதுவாங்க.

ரோலர் கோஸ்டருக்கு பேச்சிப்பாறை பஸ் போதும், வளைவுல ஆள் சாயிறதுல எல்லாம் இருக்கு.

ஹேர் டிரையரதான் விடாதீங்க, ஆனா முடி காயவைக்க இல்ல. உங்க பிள்ளைங்கள்ல கொஞ்சப் பேரு குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுற வீட்டுப் பிள்ளைங்களா இருக்கும். ஆளுக்கொரு ரப்பர் பேண்ட குடுத்து சட்டுனு இழுத்து மேலுதட்டுல வைக்கச் சொல்லுங்க, சுடும். இழுத்தபடியே அரை நிமிஷம் வச்சிருந்துட்டு தளத்தி மறுபடி உதட்டுல வச்சா குளுகுளுன்னு இருக்கும். அடுத்து ஒரு ரப்பர் பேண்டுல சின்ன பாரத்த தொங்கவிட்டு டிரையர் வச்சு சூடாக்குங்க, இறங்குமா ஏறுமான்னு கேளுங்க. சூடானா எல்லாம் விரியும்னு படிச்ச பிள்ளைங்க இறங்கும்னு சொல்லும், அது ஏறும். ரப்பர் நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகளாக்கும், சூடு கூடக்கூட துள்ளிச் சுருளப் பாக்கும், அதனால இன்னும் பலமா இழுக்கும். அப்பிடியே அப்பா ஏன் விடியுறதுக்கு முன்னாடி ரப்பர் வெட்டப் போறாருன்னும் கேளுங்க. வழக்கம்னு சொல்லுவாங்க. ராத்திரி இலை வழியா தண்ணி அவ்வளவா போகாது, மரத்துக்குள்ள அழுத்தம் கூடி நிக்கும், வெட்டினா பால் நல்லா வடியும், வெயில் ஏறினா இலை தண்ணிய விட்டு அழுத்தம் குறைஞ்சிரும். இந்தக் கேள்வி எந்த சிலபஸ்லயும் இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

கணக்கு இல்லாம பிசிக்ஸான்னு கேட்டிருந்தீங்க. கணக்கு வேணும், கூட்டல் பெருக்கல் வகுத்தல் போதும். குக்கர் விசில் வெயிட்ட தராசுல நிறுத்தா 70 கிராம், அது உக்காருற துளை 3 மில்லிமீட்டர்னு வச்சுக்கிடுங்க, துளையோட பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர் வரும். வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. வெளிக்காத்து ஏற்கனவே கிட்டத்தட்ட அதே அளவு அமுக்கிட்டு இருக்கு, ரெண்டும் சேந்தா தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 பக்கம் போகும், மட்ட அரிசி சீக்கிரம் வேகுறது அதனாலதான். பி.காம் பிள்ளைங்க இத உங்கள விட வேகமா போட்டுருவாங்க. அவங்களுக்கே இன்னொண்ணு குடுங்க, 75 வாட்ஸ் ஃபேன் ஒரு யூனிட் கரண்ட தின்ன 13 மணிநேரத்துக்கு மேல ஆகும், 1000 வாட்ஸ் டிரையருக்கு ஒரே மணிநேரம்.

முப்பந்தல் காத்தாலைய கடைசி வாரத்துக்கு வைங்க. காத்து வேகம் ரெண்டு மடங்கானா கிடைக்கிற பவர் எட்டு மடங்கு, இத மட்டும் போர்டுல எழுதலாம், அதுக்குள்ள ஜன்னல பாக்குற பழக்கம் போயிருக்கும்னு நினைக்கேன்.

எங்க வீட்டுக் கிணத்துல இப்ப மோட்டார்தான். பழைய கப்பி விறகுப்புரையில கிடக்கு, அடுத்த வாரம் மார்த்தாண்டம் சந்தைக்கு வரும்போது எடுத்துட்டு வாறேன். துருவேறி கரகரன்னுதான் சுத்தும், எண்ணெ போட்டுராதீங்க, தராசு 5 கிலோவுக்கு மேல எவ்வளவு காட்டுதுன்னு மொதல்ல பிள்ளைங்க பாக்கட்டும்.