நார்வேஜிய மொழியின் நீளமான கூட்டுச்சொற்களை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கடைசியிலிருந்து படியுங்கள். கடைசிப் பகுதிதான் தலைச்சொல். பாலும் பன்மை விகுதியும் அதைப் பொறுத்தவை. 'பார்ன்' (குழந்தை) அஃறிணைப் பால், 'ஹாகெ' (தோட்டம்) ஆண்பால். ஆகவே 'பார்னெஹாகெ' (மழலையர் பள்ளி) ஆண்பால்.

நடுவில் நிற்கும் 'எ' இணைப்பெழுத்து. சில சொற்களில் 'ஸ்' வரும்: ஆர்பைட் + ஸ் + பிளாஸ் (பணியிடம்). எதற்கு எது வரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. ஆனால் முதல் பகுதியே கூட்டுச்சொல்லாக இருந்தால் 'ஸ்' பெரும்பாலும் வந்துவிடும்: 'வீன்கிளாஸ்' (ஒயின் கோப்பை), ஆனால் 'ரோவீன்ஸ்கிளாஸ்' (சிவப்பு ஒயின் கோப்பை).

முதன்மை அழுத்தம் முதல் பகுதியில், துணை அழுத்தம் கடைசிப் பகுதியில். இங்கே பலர் தடுமாறுவார்கள்: அழுத்தம் சொல்லின் முதல் அசையில் அல்ல, முதல் பகுதி தனியாக இருக்கும்போது எந்த அசையில் அழுத்துமோ அதில். 'ரெஸ்டுராங்ஷேஃப்' (உணவக மேலாளர்) என்பதில் 'ராங்' தான் ஓங்கும்.

வரி முடிவில் உடைக்கும்போது பகுதிகளின் மூட்டில் உடையுங்கள். இணைப்பெழுத்து முன்பகுதியோடு போகும்: பார்னெ-ஹாகெ, ஆர்பைட்ஸ்-பிளாஸ். பஸ் நிறுத்தத்துக்கான 'புஸ்ஸ்டொப்' (புஸ்ஸ் + ஸ்டொப்) என்பதில் மூட்டில் மூன்று 'ஸ்' சேர வேண்டும், எழுதுவது இரண்டுதான். அங்கே வரி உடைந்தால் மூன்றாவது திரும்பி வரும்.

சாதாரணமாக எழுதும்போது இடைவெளி விடவே கூடாது. 'ரெய்க்ஃப்ரிட்' என்றால் புகைபிடிக்கக் கூடாத இடம். பிரித்து 'ரெய்க் ஃப்ரிட்' என்று எழுதினால் 'தாராளமாகப் புகைபிடி' என்று ஆகிவிடும்!