பிரிட்டன் பொதுத் தேர்தல் முடிவுகளை இரவோடு இரவாகப் பார்க்க ஆசை. எதைக் கவனித்தால் என்ன நடக்கிறது என்று புரியும்?

நம் ஊர் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு உட்கார்ந்தால் முதல் சில மணி நேரம் எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. 2015 மே மாதம், நான் லண்டனுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இங்கே இரவு ஒன்றரை மணி, ஊரில் காலை ஆறு. அப்பா போன் செய்தார். "யாருப்பா முன்னிலை? எத்தனாவது ரவுண்டு ஓடுது?"

என்னிடம் பதில் இல்லை. இந்த நாட்டில் ரவுண்டும் கிடையாது, முன்னிலையும் கிடையாது. ஒரு தொகுதியில் எல்லா ஓட்டும் எண்ணி முடித்து, தேர்தல் அதிகாரி மேடையேறி வாசிக்கும் வரைக்கும் யாருக்கு எவ்வளவு என்று ஒரு எண்கூட வெளியே வராது. 650 தொகுதிகளில் அந்த நேரத்துக்கு சொற்ப முடிவுகள்தான் வந்திருந்தன. "இன்னும் எண்ணிக்கிட்டு இருக்காங்கப்பா" என்றேன். "ராத்திரி பூரா முழிச்சிருந்து இதைத்தான் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு 2017, 2019, 2024 என்று ஒன்றையும் விடவில்லை. (பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. 2024இல் நான் இந்தியப் பாஸ்போர்ட்டை அடையாளமாகக் காட்டித்தான் ஓட்டுப் போட்டேன். விரலில் மை கிடையாது. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான்.)

சரி, இரவு எப்படிப் போகும்?

வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. அன்று பகல் முழுக்க டிவியில் ஒன்றும் இருக்காது. தலைவர்கள் ஓட்டுப் போட வருவது, வாக்குச்சாவடி வாசலில் கட்டிப்போட்ட நாய்களின் படங்கள், அப்புறம் வானிலை. வாக்குப்பதிவு முடியும் முன் எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது என்பது சட்டம். பத்து மணி அடித்ததும் பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லும். மூவரும் சேர்ந்து எடுக்கும் ஒரே கணிப்பு அது. நம் ஊரில் சேனலுக்கு ஒன்று வந்து ஒன்றுக்கொன்று இடிக்குமே, அந்தக் கதை இங்கே இல்லை.

இந்தக் கணிப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடு முழுக்க சுமார் 130 வாக்குச்சாவடிகளில், ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் அதே மாதிரி ஒரு சீட்டைக் கொடுத்து, உள்ளே எப்படிப் போட்டீர்களோ அப்படியே இதிலும் போடுங்கள் என்பார்கள். அதை அவர்களே ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கூடுமான வரை போன தேர்தலில் நின்ற அதே சாவடிகளில்தான் மறுபடியும் நிற்பார்கள். "இங்கே லேபர் கட்சிக்கு எவ்வளவு?" என்பதைவிட "போன தடவைக்கு இங்கே எவ்வளவு மாறியிருக்கிறது?" என்பதுதான் அவர்கள் தேடும் விஷயம். அந்த மாற்றத்தை வைத்து, வட அயர்லாந்து தவிர்த்த 632 தொகுதிக்கும் கணக்குப் போடுகிறது பேராசிரியர் ஜான் கர்ட்டிஸ் தலைமையிலான குழு.

2015இல் கருத்துக்கணிப்புகளெல்லாம் லேபர், கன்சர்வேட்டிவ் என்ற இரண்டு பெரிய கட்சிகளும் சரிசமம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எக்ஸிட் போல் கன்சர்வேட்டிவுக்கு 316 இடம் என்றது. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு வெறும் 10. அந்தக் கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன் ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடியே, இது சரியாக இருந்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார். கடைசியில் கிடைத்தது 8. கன்சர்வேட்டிவ் 330ஐத் தொட்டுத் தனிப்பெரும்பான்மையே வாங்கிவிட்டது. 2024இல் லேபருக்கு 410 என்று சொன்னார்கள், வந்தது 411. ஆனால் சிறிய கட்சிகளில் சறுக்கும். அதே இரவு ரிஃபார்ம் கட்சிக்கு 13 என்றார்கள், வந்தது 5. லிபரல் டெமாக்ரட்டுக்கு 61 என்றார்கள், வந்தது 72.

முடிவுதான் பத்து மணிக்கே தெரிந்துவிட்டதே, அப்புறம் ஏன் விழித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். எக்ஸிட் போல் கதையின் முடிவைத்தான் சொல்லும், கதையைச் சொல்லாது. கதை தொகுதிகளில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரே ஒரு பழக்கம் போதும்: யார் ஜெயித்தார் என்பதைவிட போன தடவையிலிருந்து என்ன மாறியது என்று பாருங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2019. முதல் முடிவு நியூகாசில் சென்ட்ரல், லேபர். அடுத்தது ஹௌட்டன் அண்ட் சண்டர்லேண்ட் சவுத், அதுவும் லேபர். திரையில் லேபர் 2, கன்சர்வேட்டிவ் 0. ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் லேபர் முந்துகிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் சண்டர்லேண்டில் 12 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஓட்டு வித்தியாசம் 3 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. லேபரின் கோட்டையிலேயே சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. சில நிமிடத்தில் பிளைத் வேலி வந்தது. பழைய சுரங்கத் தொழிலாளர் பகுதி, தலைமுறைகளாக லேபர் பக்கம் நின்ற ஊர். 712 ஓட்டில் கன்சர்வேட்டிவிடம் போனது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் இந்த ஊர்கள் ஏன் முதலில் வருகின்றன என்றால், அது அவர்களுக்கு ஒரு பந்தயம். சண்டர்லேண்டில் இளைஞர்கள் வரிசையாக நின்று வாக்குப்பெட்டிகளைக் கைமாற்றி ஓடுவார்கள். 2001இல் பத்து மணிக்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்குள் மொத்தமும் எண்ணி அறிவித்தார்கள், அத்தனையும் காகிதச் சீட்டு, கையால் எண்ணியது. 2024இல் இரவு 11:15க்கு அங்கிருந்துதான் முதல் முடிவு. லேபர் ஜெயித்தது, ஆனால் பேச்சாக இருந்தது இரண்டாம் இடத்துக்கு வந்த ரிஃபார்ம்.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு தொய்வு வரும். தூங்க நினைத்தால் அப்போது ஒரு மணி நேரம் தூங்குங்கள். அந்த நேரத்தில் எண்ணும் கூடங்களில் நிற்கும் நிருபர்கள் வதந்தியைத்தான் விற்பார்கள். "லேபர் வட்டாரம் நம்பிக்கையோடு இருக்கிறது", "கன்சர்வேட்டிவ் முகாமில் முகங்கள் சரியில்லை" என்று. முழுக்கக் காற்றில் வந்ததும் இல்லை. பெட்டியைத் திறந்து சீட்டுகளின் எண்ணிக்கை சரியா என்று பார்க்கும்போதே கட்சி முகவர்கள் எட்ட நின்று எந்தச் சாவடியில் யாருக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். நம் ஊர் 'முன்னிலை'க்கு இங்கே இருக்கும் ஒரே மாற்று இதுதான்.

இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அடைமழை. ஒவ்வொரு தொகுதியையும் பார்க்க முடியாது. ஒவ்வொரு தொகுதி முடிவும் எத்தனை மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது என்று பிஏ மீடியா (பழைய பெயர் பிரஸ் அசோசியேஷன்) என்ற செய்தி நிறுவனம் ஒரு பட்டியல் தரும். அதிலிருந்து பத்துத் தொகுதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை குறைந்த வித்தியாசத்தில் முடிந்த நாலைந்து, அமைச்சர்கள் நிற்கும் இரண்டு மூன்று, உங்களுக்குத் தெரிந்தவர்கள் வசிக்கும் ஒன்றிரண்டு. திரையில் 'ஹோல்ட்' என்று வந்தால் வைத்திருந்த கட்சியே தக்கவைத்தது, 'கெயின்' என்று வந்தால் பறித்தது. கண் 'கெயின்' மேல் இருக்கட்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த மேடைதான். விளையாட்டு அரங்கம் மாதிரி ஒரு கூடம், வேட்பாளர்கள் வரிசையாக நிற்பார்கள். 2024இல் பிரதமர் ரிஷி சுனக் தன் தொகுதியில் ஜெயித்துவிட்டு, நாட்டளவில் தன் கட்சியின் தோல்வியை ஒப்புக்கொண்ட மேடையில், தலையில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தது போன்ற வேஷத்தில் கவுன்ட் பின்ஃபேஸ் என்ற வேட்பாளரும் நின்றார். 500 பவுண்டு டெபாசிட் கட்டினால் கிட்டத்தட்ட யாரும் நிற்கலாம், 5 சதவீதம் வாங்காவிட்டால் டெபாசிட் காலி. அதே இரவு, விடிந்த பிறகு, முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் 630 ஓட்டில் தோற்றார். 2019இல் அவர் 26 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதி அது. அவர் மேடைக்கு வரத் தாமதித்தபோது கூடத்தில் இருந்தவர்கள் மெதுவாகக் கைதட்டிக் கடுப்பைக் காட்டினார்கள். அந்த நிமிடத்துக்காகவே விழித்திருக்கலாம்.

என் வீட்டில் அன்று இரண்டு தொகுதிகளுக்குத்தான் காத்திருந்தோம். ஒன்று ஸ்ட்ராட்போர்ட் அண்ட் பௌ. இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் உமா குமரன் லேபர் சார்பில் நின்று ஜெயித்தார். பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரத்திலும் கேசரி கிண்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொன்று நான் ஓட்டுப் போட்ட இல்ஃபோர்ட் நார்த். நாடே லேபர் பக்கம் சாய்ந்த இரவில், இங்கே லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் சுயேச்சையாக நின்ற லியான் மொஹமத்தை 528 ஓட்டில்தான் தாண்டினார். 2019இல் 5 ஆயிரத்துக்கு மேல் இருந்த வித்தியாசம். மறுநாளே அவர் சுகாதார அமைச்சர். அப்பாவிடம் சொன்னபோது, "நம்மூர் வார்டு எலெக்‌ஷன் மாதிரில்ல இருக்கு" என்றார்.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். கோடையில் எக்ஸிட் போல் உங்களுக்கு அதிகாலை 2:30க்கு வரும், குளிர்காலத்தில் 3:30க்கு. இலங்கையிலும் அதே நேரம்தான். அதற்கு அலாரம் வைத்து எழுந்து எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடுங்கள். இங்கே நாங்கள் கண் எரிய உட்கார்ந்திருக்கும் அடைமழை நேரம் உங்களுக்குக் கோடையில் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை (குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி), காபியோடு பார்க்கலாம். ஸ்கை நியூஸ் யூடியூபில் நேரலையாக வரும். அடுத்த தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுவுக்குள் நடந்தாக வேண்டும்.