பழைய பங்களா வீட்டின் ஹால் இருட்டாக இருக்கிறது. மரச்சட்டங்களுக்கெல்லாம் வெள்ளை அடித்துவிடலாமா?

மரத்தில் கை வைக்காதீர்கள், அதுவும் முதல் வேலையாக. தாழ்ந்த சாய்வுக் கூரை, முன்பக்கம் முழுக்க வராண்டா, உள்ளே பாலிஷ் போட்ட கதவு நிலையும் ஜன்னல் சட்டமும் சுவரோடு பதித்த அலமாரியும் என்றால், இருட்டுக்குக் காரணம் மரம் இல்லை, கூரை. இரண்டு மூன்று அடி நீண்ட இறவாரமும் வராண்டாவும் வெயிலை மறிக்கத்தான் இருக்கின்றன. வங்காளத்து வீடுகளிடமிருந்து பங்களா பெயரோடு சேர்த்து வாங்கிக்கொண்ட குணம் அது.

ஆகவே ஹாலுக்குள் வருவது நேர் வெயில் அல்ல, தரையில் பட்டுத் திரும்பும் மங்கிய வெளிச்சம். இதில் நீலச்சாயல் உள்ள வெள்ளை, சாம்பல் பூத்தது போல் தெரியும். தந்த நிறம், வெளிறிய மணல் நிறம் எடுபடும். ஷேட் கார்டில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது. சுவருக்கு 60–70, சீலிங்குக்கு 80க்கு மேல். இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, மரச்சட்டத்தை ஒட்டிச் சாய்த்து வைத்து, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கதவு நிலையின் தலைமட்டத்தில் சுவரைச் சுற்றி மரத்தாலான ஒரு பட்டை ஓடுகிறதா? அதற்கு மேலே உள்ள சுவருக்குச் சீலிங் நிறத்தையே இறக்குங்கள். சுவர் எங்கே முடிகிறது என்று கண் தேடாது, தாழ்ந்த சீலிங் அழுத்தாது. சீலிங்குக்கு மேட் பெயின்ட் மட்டும்தான். பளபளப்பு இருந்தால் பக்கவாட்டில் வரும் வெளிச்சம், பெயின்ட்டுக்கு அடியில் பூசிய பட்டியின் (புட்டி) மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்தக் கறுத்த மரம். பெரும்பாலும் கறுத்திருப்பது மரமல்ல, மேலே உள்ள பூச்சும் அதில் ஏறிய பிசுக்கும். மென்சோப்பு நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தாலே பாதி தெளியும். பிறகு கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில், ஸ்பிரிட் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறி, அந்த இடம் விரலில் ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். சுரண்டவே வேண்டாம். நான்கு சைபர் (0000) என்ற மிக மென்மையான ஸ்டீல் வுல்லை ஸ்பிரிட்டில் தோய்த்து, மரத்தின் ரேகைப் போக்கிலேயே லேசாகத் தேய்த்தால் பழைய பூச்சு இளகிச் சமமாகும். காய்ந்ததும் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கு இரண்டு கோட் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒட்டவில்லை என்றால் அது வேறு வார்னிஷ், ஸ்பிரிட் வேலைக்கு ஆகாது.

பலரும் சறுக்குவது இங்கேதான்: மெழுகுள்ள அரக்கின் மேல் நேராக பாலியூரிதேன் என்ற கெட்டியான வார்னிஷை அடிப்பார்கள், அது சரியாகப் பிடிக்காமல் தோல் போல உரிந்து வரும். நடுவில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் கொடுக்க வேண்டும். யாராவது முன்பே பெயின்ட் அடித்திருந்தால், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் உப்புத்தாளால் உலர்தேய்ப்பு செய்யாதீர்கள். மரத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு: மரத்துளைக்குள் இறங்கிய பெயின்ட்டை முழுதாக வெளியே எடுப்பது மிகக் கடினம்.

திரைச்சீலையைச் சீலிங்கிலிருந்து தரைவரை தொங்கவிடச் சொல்வார்கள். உயரமான வீட்டுக்குச் சரி. இங்கே அது சட்டத்தை மூடி, வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும். கம்பியை ஜன்னலுக்கு இருபுறமும் 8–10 அங்குலம் நீட்டினால், திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கும். சோபாவின் முதுகு ஜன்னல் விளிம்பைத் தாண்டக் கூடாது. விரிப்பைச் சுற்றி ஓரடி தரை தெரியட்டும்.

நடுவில் ஒரே பெரிய விளக்கு வேண்டாம், மூலைகள் இன்னும் இருளும். உட்கார்ந்தால் கண்மட்டத்தில் வரும் மூன்று நான்கு விளக்குகள், 2700 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ 90 (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு). பல்பில் சிஆர்ஐ குறைவாக இருந்தால் மரத்தின் சிவப்பு செத்துப்போகும். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் அடிப்பாகம் பலகையிலிருந்து 30–34 அங்குலம்.

வெள்ளை அடித்தே தீர வேண்டும் என்றால், பாலிஷ் மரமாக இல்லாத பட்சத்தில் வராண்டா சீலிங்குக்கு அடியுங்கள். வராண்டா தரையில் பட்டு எழும் வெளிச்சம் அங்கே மோதித்தான் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் வருகிறது.