ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்பில் வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடந்தும் ஒரு விலங்குகூடத் தென்படவில்லையே, ஏன்?

காட்டில் முதலில் வேலை செய்ய வேண்டியது கண் அல்ல, காதுதான். ஆனைமலைக் காட்டில் பெரிய இருவாச்சி பறந்தால், பழைய நீராவி ரயில் மூச்சுவிடுவதுபோல இறக்கைச் சத்தம் முன்னாடியே கேட்கும். அப்போது நடையை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். பழுத்த அத்தி, ஆல மரம் இருந்தால் அதனடியில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். இருவாச்சி, பச்சைப்புறா, மலை அணில் எல்லாமே அங்கே வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் ஒவ்வொரு பழமாகச் சிறு இடுக்கு வழியே ஊட்டும். அப்படி ஒரு பொந்து தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். ஆண் பயந்து திரும்பினால் உள்ளே இருப்பவை பட்டினி.

மலை அணில் தரைக்கு அரிதாகவே இறங்கும். கிளைக்குக் கீழே தொங்கும் வால்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். கருமந்திக் குரங்கு திடீரென்று விடாமல் கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கலாம். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல ஒரு கருத்த உருவம் நின்றால் அது காட்டுமாடு. சாதுவாகத்தான் தெரியும், ஆனாலும் நெருங்க வேண்டாம்.

அப்புறம், காலையின் முதல் நடைக்கே போங்கள். மங்கிய நிறச் சட்டை போதும், சென்ட் வேண்டாம். பேச்சைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.