மூன்றாவது வெடி

அன்புள்ள அண்ணா,

எனக்கு மல்லாவி. வவுனியாவில் கணினி படிக்கிறேன். போன மாதம் 48 மணித்தியாலத்துக்குள் ஒரு வீடியோ கேம் செய்யும் போட்டியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். இரவில் பரணில் காவல் இருந்து வயலுக்குள் வரும் யானைகளைக் கலைப்பதுதான் விளையாட்டு. யானை, பரண், நிலவு எல்லாம் அழகாக வந்தன. ஆனால் விளையாடத்தான் ஒன்றும் இல்லை. யானை வரும், பொத்தானை அழுத்தினால் வெடி வெடிக்கும், யானை போய்விடும். தமிழ் எழுத்துகளும் உடைந்து தெரிந்தன. அப்பா பார்த்துவிட்டு, "ஒரு வெடிக்கு ஆனை போகுமெண்டால் நான் ஏன் பிள்ளை விடிய விடிய முழிச்சிருக்கிறன்?" என்று சிரித்தார். எங்கே பிழைவிட்டோம்?

வாசகி ஒருவர்

அன்புள்ள தங்கச்சி,

அப்பா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. யானை வெடிச்சத்தத்துக்குப் பழகிவிடும். முதல் வெடிக்கு ஓடியது, பிறகு சும்மா நின்று பார்க்கும். காவல் இருந்தவர்களுக்கு இது தெரியும். உங்கள் விளையாட்டின் விதியே அதுதான். முதல் வெடிக்கு யானை நான்கு கட்டம் பின்னால் போகட்டும், இரண்டாவதுக்கு இரண்டு கட்டம், மூன்றாவதுக்கு அசையவே வேண்டாம். கையில் மொத்தம் ஆறு வெடி. இப்போது எறிவதா, இன்னும் கிட்ட வரவிட்டு எறிவதா என்று விளையாடுபவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இதைச் சோதிக்கக் கணினியைத் திறக்கவே தேவையில்லை. முற்றத்து மணலில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறுங்கள். மூன்று புளியங்கொட்டை யானைகள், ஆறு ஈர்க்குத் துண்டு வெடிகள். ஒருவர் யானைகளை நகர்த்த, ஒருவர் காவல் இருக்க, மற்றவர் நடப்பதைக் கொப்பியில் எழுதட்டும். காவல்காரரே எப்போதும் வென்றால் இரண்டு ஈர்க்கை எடுத்துவிடுங்கள். மணலில் அது ஒரு நொடி வேலை. நிரலில் அதே மாற்றத்துக்கு அரை மணித்தியாலம் போகும், முகமும் கறுக்கும். முதல் இரண்டு மணித்தியாலத்தை இதற்கே கொடுங்கள்.

பிறகு திரையில் கறுப்புச் சதுரம் யானை, பச்சைச் சதுரம் வயல். அதோடு நிறுத்திவிட்டு, உங்கள் மூவரையும் தவிர வேறு யாரிடமாவது கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. அவர் தானாக இரண்டாம் முறை தொடங்கினால் நிலவை வரையுங்கள். நானும் முதல் தடவை மாட்டுவண்டிச் சில்லு சுற்றுவதை வரைந்தே ஒரு முழு இரவைத் தொலைத்தவன். சில்லு நன்றாகத்தான் சுற்றியது. வண்டி எங்கேயும் போகவில்லை.

மூன்று பேர் என்றால் வேலை மூன்றில் ஒன்றாகிவிடாது. 2002இல் தொடங்கிய லூடம் டேர் (Ludum Dare) என்ற கேம் செய்யும் போட்டியில் தனியாளுக்கு 48 மணித்தியாலம், குழுக்களுக்கு 72. ஆள் கூடினால் பேசிச் சேர்க்கும் நேரமும் கூடும். கடைசி ஆறு மணித்தியாலத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். அது பிழை திருத்தவும் கோப்பை ஏற்றவும்தான். நம் பக்கத்தில் கரண்டும் சிக்னலும் அந்த நேரம் பார்த்துத்தான் போகும்.

எழுத்து உடைந்ததற்குக் காரணம், நீங்கள் பாவித்தது கேம் செய்யும் மென்பொருளான கோடோவின் (Godot) பழைய 3ஆம் பதிப்பாக இருக்கலாம். அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0 இலிருந்து அது சரி. பழைய லாப்டாப் என்றால் புதுத் திட்டம் தொடங்கும்போது, திரையில் படம் வரையும் முறையாக, பழைய கணினிகளுக்கும் ஏற்ற 'கம்பாட்டிபிலிட்டி'யைத் (Compatibility) தெரிவுசெய்யுங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றையும் திட்டத்தோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் உலாவியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தலைப்பில் மட்டும்தான் தமிழ் வருகிறது என்றால், அதைப் படமாகவே வரைந்து ஒட்டிவிடலாம். 48 மணித்தியாலத்தில் யாரும் அதைக் குற்றமாக எடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணா